ஒரு நிலம் - நான்கு விலை!

மாப்பிள்ளையூரணி! பெயரிலே மாப்பிள்ளையும் உண்டு, ஊரணியும் உண்டு. பெண்ணைக் கொடுக்கும் தகப்பன் மாப்பிள்ளையைப் பற்றிப் பத்து ஊரில் விசாரிக்கிறான். குணம் என்ன, குடி உண்டா, கடன் உண்டா, கூடப் பிறந்தவர் எத்தனை பேர் என்று கேட்டுக் கேட்டுத் துளைக்கிறான். அதே தகப்பன், பாட்டன் கைமாற்றிக் கொடுத்த நான்கு ஏக்கர் புஞ்சையை ஒருவன் கையில் ஒப்படைக்கும்போது எத்தனை ஊரில் விசாரிக்கிறான்? பக்கத்துக் காட்டின் விலையைக்கூடக் கேட்பதில்லை! முன்பணத்தை எண்ணுகிறான், முத்திரைத்தாளில் ஒப்பமிடுகிறான், மூன்று மாதம் கழித்து அதே காட்டில் கல் நட்டு, கொடி கட்டி, வளைவு வைத்து மனை விற்பதைக் கண்டு மார்பில் அடித்துக் கொள்கிறான்.

ஏன் இந்த நிலை? ஏமாளிகளா நம் மக்கள்? இல்லை. கடலின் நிறம் பார்த்துக் காற்றைச் சொல்லக் கூடியவர்கள். பாத்தியில் கால் வைத்ததும் உப்பு விளைந்துவிட்டதா, இன்னும் இரண்டு நாள் வேண்டுமா என்று உரைக்கக் கூடியவர்கள். மண்ணை அவர்கள் அறிவார்கள். மண்ணின் விலையைத்தான் அறியவிடவில்லை. அறியாமை அவர்கள் குற்றமல்ல. அறிவு ஒருவர் பக்கம் மட்டுமே குவிக்கப்பட்டிருக்கிற கொடுமை.

முத்துச்சிப்பி சொல்லும் பாடம்

இந்தக் கரைக்கு ஏலம் புதிதல்ல. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்த நாட்களில், மூழ்கி எடுத்த சிப்பியைத் திறக்காமலே ஆயிரம் ஆயிரமாகக் குவித்து ஏலம் விடுவார்கள். 1961-ஆம் ஆண்டோடு தூத்துக்குடியில் அந்தக் குளிப்பே நின்றுவிட்டது. அந்த ஏலத்திலே ஒரு நேர்மை இருந்தது. என்ன நேர்மை? மூடிய சிப்பிக்குள் முத்து இருக்கிறதா, வெறும் சதை இருக்கிறதா என்பது விற்பவனுக்கும் தெரியாது, வாங்குபவனுக்கும் தெரியாது. இருவரும் இருட்டில் நின்று பேரம் பேசினார்கள்.

இன்று நிலச் சந்தையிலே நடப்பது என்ன? விற்பவன் மட்டும் இருட்டில் நிற்கிறான். வாங்குபவனோ சிப்பியைத் திறந்து, முத்தைப் பார்த்து, எடை போட்டு, மறுபடி மூடி வைத்துவிட்டு, "வெறும் ஓடு, என்ன விலைக்குத் தருகிறாய்?" என்று கேட்கிறான்!

தரகர் வருகிறார். பேச்சைக் கேளுங்கள்.

"அண்ணாச்சி, இந்தப் பொட்டக் காட்ட வச்சுக்கிட்டு என்ன செய்யப் போறீய? உடமரமும் சீமைக்கருவேலமுந்தான மண்டிக் கெடக்கு!"

"ஆமா தம்பி, மழையும் இல்ல, வெள்ளாமையும் இல்ல."

"அதான் சொல்லுதேன். மக கல்யாணத்துக்கு ஆவும்லா? ரொக்கம் கையில. நாளைக்கே பத்திர ஆபீசுக்குப் போயிருவோம்."

மழை இல்லை என்பது உண்மை. மகளுக்குக் கல்யாணம் என்பது உண்மை. அந்தத் தரகர் சொல்லாத உண்மை ஒன்று இருக்கிறதே, அதற்குத்தான் விலை! சாலை எந்தப் பக்கம் அகலப்படுகிறது, எந்த ஆலை எங்கே வருகிறது, எந்தச் சர்வே எண் எந்த வரைபடத்தில் ஏறியிருக்கிறது என்பது அவர் சட்டைப் பையில் இருக்கிறது.

தூத்துக்குடியைச் சுற்றி நடப்பவை என்ன, சின்னச் சங்கதிகளா? 1974 ஜூலையில் பெருந்துறைமுகம் ஆனது. 2008-இல் மாநகராட்சி ஆனது. 2022 மார்ச்சில் பன்னாட்டு அறைகலன் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 2024 பிப்ரவரியில் சிலாநத்தத்தில் வியட்நாம் நாட்டு மின்கார் ஆலைக்கும், குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கும் அடிக்கல்கள். 2025 ஜூலையில் வாகைக்குளத்தில் புதிய விமான நிலைய முனையம். 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதை 3,115 மீட்டராக நீண்டது. 2025 ஆகஸ்டில் மின்கார் ஆலை திறக்கப்பட்டது. ஒவ்வொரு அடிக்கல்லும் சுற்றிலும் பல கல் தொலைவுக்கு விலையை அசைக்கிறது. அசைவு முதலில் யாருக்குத் தெரிகிறது என்பதே கேள்வி.

எது உண்மையான விலை?

ஒரே நிலத்துக்கு இன்று நான்கு விலை உண்டு. பத்திர ஆபீசு சொல்லும் வழிகாட்டி மதிப்பு ஒன்று. தரகர் பேசும் ரொக்க விலை ஒன்று. சர்க்கார் கையகப்படுத்தினால் தரும் இழப்பீடு ஒன்று. வருமான வரிக்காரர் கணக்கிடும் விலை ஒன்று. நான்கும் வேறு வேறு. ஆனால் ஒன்றின் கால் இன்னொன்றின் கழுத்தில் இருக்கிறது. இதை விளங்கிக் கொண்டால் பாதிச் சூது வெளிச்சமாகும்.

வழிகாட்டி மதிப்பு ஏன் வந்தது? குறைத்து எழுதி முத்திரைக் கட்டணத்தை ஏய்ப்பதைத் தடுக்க. 1967-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி முத்திரைச் சட்டத்தில் 47-அ என்ற பிரிவு நுழைந்தது. பத்திரத்தில் காட்டிய விலை உண்மை விலை அல்ல என்று சார்பதிவாளர் கருதினால் ஆட்சியருக்கு அனுப்பலாம் என்றது அது. ஆக, வழிகாட்டி மதிப்பு என்பது கட்டணம் வாங்க வைத்த அளவுகோல். அதுவே சந்தை விலை ஆகிவிடாது என்று 1994-இல் உச்சநீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆனால் ஊரிலே என்ன பேச்சு? "கவர்மெண்டு வெலையே இவ்வளவுதான், நான் கூடத்தானே தருதேன்" என்கிறார் தரகர். அளவுகோலைக் காட்டி விலை என்கிறார். அடிக்கட்டையைக் காட்டி மரம் என்கிறார்!

அந்த அளவுகோலையும் எப்படியெல்லாம் வளைத்தார்கள், பாருங்கள். 2017 ஜூனில் மாநிலம் முழுவதும் வழிகாட்டி மதிப்பு 33 விழுக்காடு குறைக்கப்பட்டது. கூடவே பதிவுக் கட்டணம் 1 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காடாக ஏற்றப்பட்டது. 2023 ஏப்ரலில் பழைய மதிப்பு திரும்பியது, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு ஆனது. மக்களிடம் கருத்துக் கேளாமல் வெறும் சுற்றறிக்கையால் மதிப்பை ஏற்றியது செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறகு 2024 ஜூலை 1 முதல் திருத்திய மதிப்பு நடப்புக்கு வந்தது.

கணக்குப் போடுவோம். ஒரு லட்ச ரூபாய் மதிப்புள்ள நிலம். 2017-க்கு முன்பு முத்திரை 7, பதிவு 1, ஆக 8,000 ரூபாய் செலவு. மதிப்பைக் குறைத்த பிறகு 67,000-க்கு 11 விழுக்காடு, 7,370 ரூபாய். மிச்சம் 630 ரூபாய்! அந்த 630-ஐத்தான் "மக்களுக்குச் சலுகை" என்று கொட்டி முழக்கினார்கள். நட்டம் எங்கே? அதே நிலத்தைச் சர்க்கார் எடுத்துக் கொண்டால், இழப்பீட்டுக்கு அடிப்படையாகக் கொள்ளத்தக்க தொகைகளில் ஒன்று இந்த வழிகாட்டி மதிப்பு. அதுவே அடிப்படையாகும் இடத்தில், ஒரு லட்சம் இருந்த இடத்தில் 67,000 நிற்கும். அதன் மேல் நூறு விழுக்காடு ஆறுதல் தொகை சேர்ந்தால், இரண்டு லட்சம் வரவேண்டியவருக்கு 1,34,000 வரும். வாங்குபவருக்கு 630 மிச்சம், நிலம் இழப்பவருக்கு 66,000 நட்டம்! இதுவா சலுகை?

பொய்ப் பத்திரம் பக்கத்துக் காட்டையும் சுடும்

2014 ஜனவரி முதல் நடப்பில் உள்ள நில எடுப்புச் சட்டம், 1894-ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் சட்டத்தைவிட எவ்வளவோ மேலானது. அதை மறுப்பார் இல்லை. வழிகாட்டி மதிப்பு ஒரு பக்கம். அக்கம் பக்கத்தில் முந்தைய மூன்றாண்டுகளில் பதிவான கிரயப் பத்திரங்களில் உயர்ந்த விலை காட்டும் பாதியை எடுத்துப் போட்ட சராசரி இன்னொரு பக்கம். இரண்டில் எது உயர்வோ அதைக் கொள் என்கிறது சட்டம். நல்ல ஏற்பாடு. ஆனால் எல்லாப் பத்திரமும் பொய் சொன்னால் சராசரி மட்டும் எப்படி மெய் சொல்லும்?

சென்ட் 50,000 ரூபாய்க்குப் பேசிவிட்டுப் பத்திரத்தில் 20,000 என்று எழுதுகிறார்கள் என்று வைத்துக் கொள்வோம். 30,000 மறைகிறது. இன்றைய 9 விழுக்காடு கணக்கில் வாங்குபவருக்கு மிச்சம் சென்டுக்கு 2,700. விற்றவருக்கு என்ன கிடைத்தது? வங்கியில் போட முடியாத நோட்டு, வழி சொல்ல முடியாத பணம். நாளை பக்கத்துக் காட்டுக்காரரின் நிலம் சாலைக்கு எடுக்கப்படுகிறது. அவர் கையில் நீட்டப்படுவது எந்தப் பத்திரம்? நாம் 20,000 என்று எழுதிக் கொடுத்தோமே, அந்தப் பத்திரம்! அடுத்த வீட்டுக்காரன் வயிற்றில் அடித்த கை, நம் கையெழுத்துப் போட்ட கை. தோழர்கள் இதை ஊர் ஊராகச் சொல்ல வேண்டும். உண்மை விலையைப் பத்திரத்தில் எழுதுவது ஒழுக்கப் பாடம் மட்டுமல்ல, ஊர்ப் பாதுகாப்பு.

கிராமமா? நகரமா?

மாப்பிள்ளையூரணி மாநகராட்சியை ஒட்டிய ஊராட்சி. மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காரர் அதைக் கணக்கெடுப்பு நகரம் என்கிறார். ஊராட்சிச் சட்டம் கிராமம் என்கிறது. பெயரில் என்ன இருக்கிறது என்று எண்ணிவிட வேண்டாம். பெயரில்தான் பணமே இருக்கிறது!

நில எடுப்புச் சட்டப்படி நகர்ப்புற நிலத்துக்குச் சந்தை மதிப்பை ஒன்றால் பெருக்க வேண்டும். கிராமப்புற நிலத்துக்கு, நகரிலிருந்து உள்ள தொலைவைப் பார்த்து, ஒன்று முதல் இரண்டு வரை பெருக்கலாம். ஆக, கிராமம் என்ற பெயர் நீடித்தால் இழப்பீடு கூடுவதற்கு இடமுண்டு. மாநகராட்சி எல்லைக்குள் வந்துவிட்டால் அந்த இடம் அடைபடுகிறது.

வருமான வரிச் சட்டமோ வேறு கணக்குப் பேசுகிறது. கிராமத்து விவசாய நிலத்தை விற்றால் லாபத்துக்கு வரி இல்லை. ஆனால் எது கிராமம்? மக்கள்தொகை ஒரு லட்சத்துக்கு மேல் பத்து லட்சத்துக்குள் உள்ள நகராட்சி, மாநகராட்சி எல்லையிலிருந்து, பறவை பறக்கும் நேர்க்கோட்டில் 6 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால்தான் அது கிராமம்! தூத்துக்குடி அந்தக் கணக்கில் வரும் மாநகரம். ஒட்டிக் கிடக்கும் ஊரின் நிலம் 6 கிலோமீட்டருக்குள் வந்துவிடுகிறது. ஊராட்சித் தலைவரைத் தேர்ந்தெடுக்கும்போது கிராமத்தான்; லாபக் கணக்குப் பார்க்கும்போது நகரத்தான்! சர்க்கார் எடுத்துக் கொண்டு 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி இழப்பீடு தந்தால் அதற்கு வருமான வரி இல்லை. தனியாருக்கு விற்றால் உண்டு. இதை எத்தனை தரகர்கள் சொன்னார்கள்? எத்தனை பேர் ரொக்கத்தையெல்லாம் செலவழித்துவிட்டு, பிறகு வந்த நோட்டீசைக் கையில் வைத்துக் கொண்டு விழித்தார்கள்?

ஏக்கரில் வாங்கி, சென்டில் விற்று

விலை மதிப்பிடுவதில் இன்னொரு சூட்சுமம். காட்டை ஏக்கரில் வாங்குகிறார்கள். மனையைச் சென்டில் விற்கிறார்கள். ஏக்கருக்கு 100 சென்ட். சென்ட் ஒரு லட்சத்துக்கு மனை போகிறதென்றால் ஏக்கருக்கு நூறு லட்சம் கேட்கலாமா? கேட்கக் கூடாது. அது நியாயமும் அல்ல. சாலைக்கும் பூங்காவுக்கும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போகும். மிச்சம் 66 சென்ட், 66 லட்சம். சமன்படுத்தும் செலவு, அனுமதிச் செலவு, வட்டி, விற்கும் வரை காத்திருக்கும் காலம், வணிகரின் லாபம் எல்லாவற்றுக்கும் பாதியைத் தாராளமாகத் தள்ளுங்கள். 33 லட்சம் மிஞ்சும். நிலக்காரர் கையில் வந்தது 12 லட்சம் என்றால், நடுவிலே காணாமற்போன 21 லட்சம் யாருடையது?

சின்ன மனையின் விலையை வைத்துப் பெரிய நிலத்தை அப்படியே மதிப்பிடக் கூடாது. உரிய கழிவு போட வேண்டும். சாலை முகப்பு, வடிவம், தாழ்வு மேடு, வளர்ச்சிக்கு அருகில் உள்ளதா என்பதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று 1988-ஆம் ஆண்டு சிமன்லால் ஹர்கோவிந்ததாஸ் வழக்கில் உச்சநீதிமன்றம் விரிவாக வகுத்துச் சொன்னது. நீதிமன்றத்தில் வக்கீல்கள் வாதாடும் அந்தக் கணக்கை டீக்கடையில் நம் தோழர்கள் வாதாட முடியாதா? முடியும். கூட்டலும் கழித்தலும்தானே!

மனை வாங்குவோர் யார்? அவர்களும் சீமான்கள் அல்லர். துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர், ஆலையில் இரவு ஷிப்டு பார்ப்பவர், சீட்டுப் பணம் எடுத்து மூன்று சென்ட் வாங்குபவர். அவர் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. அங்கீகாரம் பெற்ற மனையா? 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லா மனைகளைப் பதிவு செய்ய உயர்நீதிமன்றம் தடை போட்டபோது தவித்த குடும்பங்கள் கொஞ்சமா? விற்பவர் உரிமையாளரா, பவர் ஏஜெண்டா? பவர் பத்திரத்தை மட்டும் வைத்துக் கொண்டு உரிமை கைமாறிவிட்டதாகக் கொள்ள முடியாது என்று 2011-இல் உச்சநீதிமன்றம் அறைந்து சொல்லியிருக்கிறது. விற்பவனும் ஏழை, வாங்குபவனும் ஏழை. நடுவில் நிற்பவன் மட்டும் எப்படிச் சீமான் ஆனான்? இந்தக் கேள்வியைக் கேட்காமல் நிலப் பிரச்சினையைப் பேச முடியாது.

கையெழுத்து மட்டும் கேட்கப்படும் தங்கை

விற்பனையின்போது வீட்டுப் பெண்ணுக்கு என்ன இடம்? "ஒரு கையெழுத்துப் போடு தாயி" என்று அழைத்து வருகிறார்கள். போட்டதும் ஒரு சேலை, ஒரு வேளைச் சாப்பாடு. அந்தக் கையெழுத்தின் விலை ஒரு பங்கு நிலம் என்பதை யாரும் சொல்வதில்லை.

பெண்ணுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929-இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. கேலி பேசினார்கள். அறுபது ஆண்டு கழித்து, 1989-இல், தமிழ்நாட்டில் அது சட்டமாயிற்று. 2005-இல் டில்லியும் அந்த வழிக்கு வந்தது. சட்டம் வந்துவிட்டது, பத்திர ஆபீசு வாசலில் அது நுழையவில்லை! விடுதலைப் பத்திரம் என்று அதற்குப் பெயர். யாருக்கு விடுதலை? தங்கையின் பங்கிலிருந்து அண்ணனுக்கு விடுதலை! மேடையிலே பெண்ணுரிமை பேசும் தோழர், வீட்டிலே தங்கையின் பங்கை எண்ணி வைத்தாரா என்று நாம் கேட்போம். கேட்கத்தான் வேண்டும்.

பட்டா இல்லாதவன் பங்கு

நிலம் விற்றால் பட்டாக்காரருக்குப் பணம். அந்த நிலத்திலே உழைத்தவனுக்கு? உப்பளத்தில் வெயிலில் கண் கூசக் கூச வாரி எடுத்தவளுக்கு? ஆடு மேய்த்தவனுக்கு? தனியார் விற்பனையில் அவர்களுக்குக் காற்காசு இல்லை. சர்க்கார் எடுப்பில் உண்டு. நிலமே இல்லாவிட்டாலும், மூன்றாண்டு அங்கே வேலை செய்து அதனால் பிழைத்த குடும்பம் பாதிக்கப்பட்ட குடும்பம்தான் என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டம் ஒப்புக் கொள்கிறது. வேலை, அல்லது 5 லட்சம் ரூபாய், அல்லது இருபது ஆண்டுக்கு மாதம் 2,000 ரூபாய்க்குக் குறையாத தொகை என்று மறுவாழ்வு அட்டவணை சொல்கிறது. ஆனால் அவர் அங்கே வேலை செய்தார் என்பதற்கு அத்தாட்சி எது? வருகைப் பதிவேட்டில் பெயர் ஏறாத உப்பளத் தொழிலாளி என்ன காட்டுவார், கை காப்பையா? தொழிற்சங்கத் தோழர்களே, பெயரைப் பதிவேட்டில் ஏற்றுவது இன்றைய கூலிக்காக மட்டுமல்ல, நாளைய மறுவாழ்வுக்காகவும்!

ஊருக்குப் பொதுவான நிலத்துக்கோ விலையே கிடையாது. ஊரணி, குளம், மேய்ச்சல் புறம்போக்கு, மயானம் இவை விற்பனைக்கு உரியவை அல்ல. பொது நிலத்தை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்க வேண்டும் என்று 2011 ஜனவரியில் உச்சநீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. மனைப் பிரிவு வரைபடத்தில் ஓடை சாலையாக மாறும் மாயத்தைக் கண்காணிக்க அங்கேயே வாழும் மக்களைவிடச் சிறந்த காவலர் யார்?

தொழில் வேண்டாமா?

"அப்படியானால் ஆலை வேண்டாமா? சாலை வேண்டாமா?" என்று சிலர் மடக்குவார்கள். வேண்டும், வேண்டும் என்று பதில் சொல்வோம். கப்பல் கம்பெனி கண்ட சிதம்பரனாரின் ஊரிலே தொழிலை வெறுப்பவர் யார்? பொட்டலில் ஆலை எழட்டும், நம் பிள்ளைகள் அதிலே பொறியாளராகட்டும். ஆனால் ஆலைக்கு இயந்திரம் விற்றவன் சந்தை விலை வாங்குகிறான். சிமெண்டு விற்றவன் சந்தை விலை வாங்குகிறான். நிலம் கொடுத்தவன் மட்டும் தியாகம் செய்ய வேண்டுமா? நியாய விலை கேட்பது தொழிலுக்கு எதிர்ப்பாகாது. விலை தெரியாமல் கொடுத்தவன்தான் பிறகு வயிறெரிந்து வழக்கு மன்றத்தில் வந்து நிற்பான், தொழிலும் முடங்கும்.

என்ன செய்வது?

தோழர்களே! செய்ய வேண்டியவை சில. ஆண்டுக்கு ஆறு முறை கிராமசபை கூடுகிறது. வழிகாட்டி மதிப்பையும், அக்கம்பக்கத்தில் நடந்த கிரயங்களையும் அங்கே உரக்கப் படியுங்கள். வழிகாட்டி மதிப்பின் வரைவு வெளியாகும்போது ஆட்சேபத்தை எழுத்திலே கொடுங்கள். விற்க நினைப்பவர் முதலில் வில்லங்கச் சான்றும், பட்டாவும், புலப்படமும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கட்டும்; வில்லங்கம் உள்ள நிலத்தைத்தான் தரகர் அடிமாட்டு விலைக்குக் கேட்பார். பொதுப் பவர் எழுதிக் கொடுக்காதீர்கள். தனித்தனியாகப் பேசாமல், அடுத்தடுத்த காட்டுக்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசுங்கள். நிலம் எடுக்கப்பட்டால், தொகையை வாங்கும்போது ஆட்சேபத்துடன் பெறுவதாக எழுதி வாங்குங்கள். ஆட்சேபமின்றி வாங்கியவர் கூடுதல் கேட்கும் வழியைத் தானே அடைத்துக் கொள்கிறார் என்பது சட்டம்.

இவை எளிய காரியங்கள். ஒரு படித்த இளைஞன், ஒரு பேரேடு, ஒரு படிப்பகம் போதும். மாலையில் பத்திரிகை படிக்கும் அந்தத் திண்ணையிலேயே, சர்வே எண்ணும் விலையும் எழுதிய பலகை ஒன்று தொங்கட்டும்.

சிப்பிக்குள் என்ன இருக்கிறது என்று வாங்குபவனுக்குத் தெரியும். மூழ்கி எடுத்தவனுக்கும் தெரிய வேண்டும். தெரிந்த பிறகு அவன் விற்கலாம், வைத்துக் கொள்ளலாம், அது அவன் உரிமை. தெரியாமல் விற்றால் அதற்குப் பெயர் விற்பனை அல்ல, பறிமுதல்!